ஆயுத பூஜையன்று ஓய்வெடுக்காத பெட்டி

என் தொழில் என்னவென்று வெளியே சொன்னால் யாருக்கும் பெரிதாக மரியாதை வருவதில்லை. "கம்பெனிகளில் ஸ்விட்ச் மாட்டுகிறேன்" என்றால், வேப்பம்பட்டில் எங்கள் தெருக்காரர்கள் உடனே தங்கள் வீட்டுக் கூடத்தில் டியூப்லைட் மினுக்குவதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு முறை எதிர்வீட்டுக்காரருக்கு உண்மையாகவே டியூப்லைட்டை மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். விளக்கிக்கொண்டிருப்பதைவிட அது சுலபமாக இருந்தது.

இங்கே மட்டும் ஒரு தடவை விளக்கிவிடுகிறேன். ஓர் ஆலையில் கம்ப்யூட்டர்கள், கேமராக்கள், எடைமேடை, வருகைக்கு விரல் வைக்கிற மெஷின், உலையின் சூட்டைக் காட்டும் திரை எல்லாமே ஒன்றோடொன்று பேச வேண்டும். அத்தனை பேச்சையும் வாங்கி, எது யாருக்கோ அவரிடம் மட்டும் கொண்டுபோய்ச் சேர்க்கிற பெட்டிதான் ஸ்விட்ச். சின்ன ஆபீசுக்கு டிபன் பாக்ஸ் அளவில் ஒன்று போதும். பெரிய ஆலைக்கென்று வேறொரு ரகம் இருக்கிறது. அது வெறும் கூடாகத்தான் வந்து இறங்கும். நாம்தான் அதில் அடுக்கடுக்காகக் கார்டுகளைச் செருக வேண்டும். செம்புக் கம்பிக்கு ஒரு கார்டு, கண்ணாடி இழைக்கு ஒரு கார்டு, எல்லாவற்றையும் ஆளுகிற மூளை கார்டு இரண்டு, கரண்டு கொடுக்கிற பாகம் இரண்டு. ஒன்று கெட்டால் அதை மட்டும் உருவிவிட்டு வேறு செருகலாம். மற்றவை எதுவும் நடக்காத மாதிரி ஓடிக்கொண்டிருக்கும். ஓடுகிற பஸ்ஸில் டயர் மாற்றுவதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் வாரத்துக்கு ஒரு தடவையாவது அதைச் செய்கிறேன்.

இதை மாடுலர் ஸ்விட்ச் என்போம். எனக்கு இந்தப் பெட்டியின்மேல் ஒரு பிரியம் உண்டு, மறைக்க ஒன்றுமில்லை. மனிதர்கள் செய்த பொருள்களில் பெருந்தன்மை உள்ளது என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். தன்னில் ஒரு பாகம் சாகும் என்று முதலிலேயே ஒத்துக்கொண்டு, அதற்கு இடம்விட்டுச் செய்யப்பட்டது இது. என் பிரியம் எப்போது மரியாதையாக மாறியது என்று கேட்டால், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் ஆயுத பூஜையன்று. அந்த மரியாதையில் பெட்டிக்கு உரிய பங்கு கொஞ்சம்தான். மீதி இரண்டு மனிதர்களுக்கு உரியது.

அந்த ஆலையில் வண்டிகளுக்கான பல்சக்கரங்கள் செய்கிறார்கள். ஒரு பக்கம் பெரிய சுத்தியல் மெஷின் இரும்பை அடிக்கும். மறுபக்கம் உலை, அடித்த சக்கரங்களைப் பழுக்கவைத்து இறுகச் செய்யும். சுத்தியல் விழும்போதெல்லாம் ஆபீஸ் மேஜையில் டீ தம்ளர் நகரும். இரும்புத்தூள் காற்றிலேயே மிதக்கும். நான் முதல்முறை போனபோது அங்கே நெட்வொர்க் என்ற பெயரில் இருந்தது ஒரு கண்ராவி. டிபன் பாக்ஸ் பெட்டிகளை ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கோத்து, தூணுக்குத் தூண் ஆணியில் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு பெட்டிக்குள் பல்லி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. நடுவில் ஏதாவது ஒன்று படுத்தால் அதற்கு அப்பால் இருப்பதெல்லாம் படுத்துவிடும். யார் இதைச் செய்தது என்று நான் வாய்க்கு வந்தபடி திட்டியது இப்போதும் நினைவிருக்கிறது. செய்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு அன்று விக்கல் எடுத்திருக்கும்.

அந்தச் சங்கிலியின் கடைசியில்தான் உலை இருந்தது. உலையின் சூடு எவ்வளவு என்பது கண்காணிப்பு அறைக்குக் கொஞ்ச நேரம் தெரியாமல் போனால், பாதுகாப்புக்காக உலை தானே அணைந்துகொள்ளும். அப்படி அணைந்தால் உள்ளே இருக்கிற சக்கரங்கள் அத்தனையும் பழைய இரும்புக்குப் போகும். உலை மறுபடி பழுக்க இரண்டு மூன்று நாள் பிடிக்கும். அதுவரை லைனே நிற்கும். மழைக்காலத்தில் இது அடிக்கடி நடந்தது. ஒவ்வொரு தடவையும் பழி விழுந்தது ஒரே தலையில்.

அந்தத் தலைக்கு உரியவர் ஆலையின் கம்ப்யூட்டர், நெட்வொர்க் எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண். முப்பதைத் தாண்டியவர். சோழவரம் பக்கத்துக்காரர். பெற்றோர் இருவரும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். பிறகு அப்பா இதே தொழிற்பேட்டையில் ஒரு வார்ப்படக் கம்பெனியில் அச்சுக்கு மண் மிதித்தார். மகள் படித்து, அதே பேட்டைக்குள் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நுழைந்தார். அந்த அட்டையோடு சின்னச் சிலுவை ஒன்றும், ஸ்விட்ச் அறையின் சாவியும் தொங்கும். நடக்கும்போது சாவி அட்டையில் பட்டு டிக் டிக் என்று சத்தம் வரும். அவர் வருகிறார் என்று அதை வைத்தே ஆலை தெரிந்துகொள்ளும்.

மாடுலர் ஸ்விட்ச்தான் வேண்டும் என்று மேலாளரிடம் ஒரு வருஷம் போராடியவர் அவர். கடைசியில் மேலாளர், இதைப் போட்ட பிறகும் உலை நின்றால் என்ன சொல்வாய் என்று என் எதிரிலேயே அவரைக் கேட்டார். நானாக இருந்தால் இழுத்து மழுப்பியிருப்பேன். எங்கள் தொழிலில் அதற்கென்றே அழகான வாக்கியங்கள் இருக்கின்றன. அவர் மழுப்பவில்லை.

"நின்னுதுன்னா இந்தச் சாவிய உங்க டேபிள் மேல வச்சிட்டு நான் கெளம்பிட்றேன் சார்."

மேலாளர் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. சரி என்று தலையாட்டினார். வெளியே வந்ததும், ஏன் இப்படி வாயைக் கொடுத்தீர்கள் என்று கடிந்துகொண்டேன். அவர் வீட்டில் வேறு யாருக்கும் மாதச் சம்பளம் கிடையாது என்பது எனக்குத் தெரியும். அவர் சிரித்துவிட்டு, கார்டுகள் எப்போது வந்து இறங்கும் என்று கேட்டார்.

பெட்டி வந்தது. ஆலையில் அதற்கு முதல் எதிரி உலைப் பகுதியின் ஃபோர்மேன். ஆந்திர எல்லையோரத்து ஊர்க்காரர், கொஞ்சம் நெல் நிலம் வைத்திருப்பவர். விடியற்காலை மடை திருப்பிவிட்டு, நாஷ்டா முடித்துவிட்டு ஷிப்டுக்கு வருகிறவர். சந்தோஷமாக இருந்தால் எல்லோரையும் நைனா என்பார். அன்று என்னை சார் என்றார். அதிலேயே அவர் கோபம் எனக்குப் புரிந்துவிட்டது.

"ஒரே பொட்டில எல்லாத்தியும் கட்டிக்கினு கீறீங்களே சார், அது படுத்துக்கினா இன்னா பண்ணுவீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் முந்திக்கொண்டு, நீங்களே எதையாவது பிடுங்கிப் பாருங்கள் அண்ணா என்றார். உலைக் கண்காணிப்பு அறையில் ஒரு கம்ப்யூட்டரைச் சோதனைக்காகப் புதுப் பெட்டியில் இணைத்து, அதன் திரைக்கு முன் ஓர் ஆளை நிறுத்தி போனில் பேசவைத்தார். ஃபோர்மேன் முதலில் ஒரு கரண்டு ஒயரைப் பிடுங்கினார். போனில், திரை ஓடிக்கினுதான் கீது என்றார்கள். அடுத்து அந்தப் பெண் மூளை கார்டுகளில் ஒன்றை உருவச் சொன்னார். பாம்புப் புற்றில் கை விடுகிறவர் மாதிரி ஃபோர்மேன் முகத்தைத் திருப்பிக்கொண்டு உருவினார். ஒரு நொடி எல்லா விளக்கும் தயங்கின. பிறகு இரண்டாவது மூளை வேலையை எடுத்துக்கொண்டது. போனில் அதே பதில்தான். ஃபோர்மேன் கையிலிருந்த கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் ஒன்றும் பாராட்டவில்லை. ஆனால் போகும்போது என்னை நைனா என்றார்.

அவர் போன பிறகு அந்தப் பெண் பெட்டியின் வலது ஓரத்தைத் தொட்டு ஒரு கேள்வி கேட்டார். எல்லாம் இரண்டு இரண்டாக இருக்கும்போது இது மட்டும் ஏன் ஒன்று? அவர் காட்டியது விசிறித் தட்டை. பெட்டி சூடாகாமல் இருக்க, பக்கவாட்டுத் துளைகள் வழியாகக் காற்றை உள்ளே இழுக்கிற சின்னச் சின்ன விசிறிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கிற தட்டு அது. ஒரு விசிறி நின்றால் மற்றவை வேகமெடுத்து ஈடுகட்டிவிடும், கவலைப்படாதீர்கள் என்றேன். கவலைப்படாதீர்கள் என்ற வார்த்தை அவரிடம் செல்லாது. பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தத் தட்டைக் கழற்றி மாட்டிக் காட்டச் சொன்னார். கழற்றலாம், ஆனால் ஒரு காபியை ஆற்றிக் குடிக்கிற நேரத்துக்குள் திரும்பச் செருகிவிட வேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் பெட்டி தானே அணைந்துவிடும் என்று சொல்லி, கழற்றிக் காட்டினேன். பிறகு திருகுகளை ஸ்க்ரூடிரைவரால் நன்றாக முறுக்கினேன். கையால் இறுக்கினாலே போதும் என்றுதான் செய்முறைப் புத்தகம் சொல்லும். அந்தப் புத்தகத்தை எழுதினவர் பக்கத்தில் சுத்தியல் மெஷின் அடிக்கவில்லை.

பழைய சங்கிலியிலிருந்து எல்லாவற்றையும் புதுப் பெட்டிக்கு மாற்ற ஒரு நாள் வேண்டும். ஆலை நிற்கிற நாளாகவும் இருக்க வேண்டும். அப்படி ஒரு நாள் வருஷத்தில் ஒன்றுதான் வருகிறது, அது ஆயுத பூஜை. அன்றும் உலை மட்டும் நிற்காது. உலைக்குப் பூஜை உண்டு, லீவு கிடையாது.

பூஜைக்கு அந்த ஆலையில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. எல்லா ஆலைகளிலும் உண்டுதான். ஆனால் இங்கே அது இரும்பைப் போல உறுதி. காலையில் ஸ்பேனர், சுத்தி, அளவுகோல், வெல்டிங் டார்ச் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, ஒரே குவியலாக வைத்து, சந்தனம் குங்குமம் இடுவார்கள். கற்பூரம் காட்டியாயிற்று என்றால் மறுநாள் விஜயதசமி காலைவரை எவரும் அவற்றைத் தொடக் கூடாது. ஆயுதம் ஓய்வெடுக்கிற நாள் அது. முன்பு ஒரு வருஷம் பூஜை முடிந்த கையோடு ஒரு பையன், அவசர வேலை என்று ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பிரஸ்ஸில் கை வைத்தான். இரண்டு விரல் போயிற்று. துண்டில் அவன் கையைச் சுற்றிக்கொண்டு பொன்னேரிக்கு ஓடியவர் இந்த ஃபோர்மேன்தான். அந்த ஓட்டத்தை அவர் சொல்லிக் கேட்டால், இது மூடநம்பிக்கை என்று சொல்ல உங்களுக்கு நாக்கு வராது. எனக்கு வரவில்லை.

ஆகவே விடியலிலேயே தொடங்கி, பூஜைக்கு முன்பே என் வேலையை முடித்துவிட வேண்டும் என்று ஏற்பாடு. முடித்தும்விட்டேன். ஒவ்வொரு ஒயராக மாற்றி, கடைசியில் உலையின் இரண்டு கண்ணாடி இழைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக இடம் மாற்றி, திரையில் ஒரு சிமிட்டல்கூட இல்லாமல் வேலை நிறைவேறியது. பச்சை விளக்குகள் வரிசையாக மினுங்கின. நானே என்னைத் தட்டிக்கொடுத்துக்கொண்டேன். பூஜைக்குக் கூப்பிட்டார்கள். என் ஸ்க்ரூடிரைவர்கள், கிரிம்பிங் டூல், வெட்டுக் குறடு எல்லாவற்றையும் பையோடு கொண்டுபோய்க் குவியலில் வைத்தேன். எனக்கும் ஆசைதான். நான் தினமும் கையில் பிடிக்கிற பொருளுக்கு வருஷத்தில் ஒரு நாளாவது ஒரு பொட்டு வேண்டாமா?

பூஜை முடிந்து, பூசணிக்காய் உடைத்து, பொரி கடலைப் பொட்டலத்தோடு எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பினார்கள். உலை ஆட்களும், ஃபோர்மேனும், நாங்கள் இருவரும் மட்டும் இருந்தோம். கேன்டீனில் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்தப் பெண்ணின் போனில் ஒரு செய்தி வந்தது. பெட்டியே அனுப்பியது. விசிறி ஒன்று நின்றுவிட்டது என்றது. நாங்கள் எழுந்திருப்பதற்குள் இரண்டாவது செய்தியும் வந்தது.

ஸ்விட்ச் அறைக்கு ஓடினோம். வாசலுக்கு வெளியிலேயே விசிறிகள் ஊளையிடுவது கேட்டது. கதவைத் திறந்தால், நாங்கள் பூஜையில் இருந்த நேரத்தில் யாரோ புதுப் பெட்டியைக் கல்யாண மேடையாக்கி வைத்திருந்தார்கள். பூஜைக்காக அறையைத் திறந்து வைக்கச் சொன்னவர் அந்தப் பெண்தான். மற்ற மெஷின்களுக்கு நடப்பது இதற்கும் நடக்கட்டும், விட்டுவிட்டால் ஆட்களுக்கு மனசு கஷ்டமாகும் என்று சொல்லியிருந்தார். அதனால் ஆட்கள் ஆசை தீரச் செய்துவிட்டார்கள். மேலே வாழையிலையில் பொரி, எதிரில் எலுமிச்சம்பழம், இரண்டு பக்கமும் கனத்த சாமந்தி மாலை. வலது பக்கம் மாலை துளைகளை அப்படியே மூடியிருந்தது. மாலைக்கு அடியில் கலர் பேப்பர்த் தோரணம். விசிறி அதன் நுனியைத் துளை வழியாக இழுத்திருந்தது. தோரணம் உள்ளே சுற்றிச் சுற்றி, ஒரு விசிறியிலிருந்து அடுத்ததற்குத் தாவிக்கொண்டிருந்தது. சாமந்தி இதழும் பொரியும் அதோடு சேர்ந்து உள்ளே போயிருந்தன.

மாலையைப் பிடுங்கி எறிந்தேன். தோரணத்தை இழுத்தால் வெளியே இருந்தது மட்டும் கையோடு வந்தது, மற்றது உள்ளேயே அறுந்துவிட்டது. மிச்சமிருந்த விசிறிகள் உயிரைக் கொடுத்துச் சுற்றின. அந்தப் பெண்ணின் போன் திரையில் பெட்டியின் சூடு ஏறிக்கொண்டே இருந்தது. தட்டை வெளியே எடுத்துச் சுத்தம் செய்தால்தான் உண்டு. இல்லாவிட்டால் பெட்டி அணையும். பெட்டி அணைந்தால் உலை அணையும். உலை அணைந்தால் அவர் கழுத்தில் தொங்குகிற சாவி மேலாளர் மேஜைக்குப் போகும். பழைய சங்கிலியை அன்று காலைதான் கழற்றிப் போட்டிருந்தோம், திரும்பிப் போகவும் வழியில்லை.

திருகில் விரலை வைத்தேன், அசையவில்லை. நானே முறுக்கினது. அவர் முயன்று பார்த்தார், நகம் ஒடிந்தது. ஸ்க்ரூடிரைவரை எடுத்துவர நான் பூஜை மேடைக்கு ஓடினேன். ஃபோர்மேன் அங்கேதான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் கை நீட்டியதும் எழுந்து குறுக்கே நின்றார். என்ன ஆயிற்று என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. ஆனாலும் நகரவில்லை.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இது என் டூல், என் கை, போனால் என் விரல் போகட்டும் என்று கத்தினேன். பின்னாலேயே டிக் டிக் என்று சாவிச் சத்தம் வந்தது. அவர் பேசினால் ஃபோர்மேன் வழிவிட்டே ஆக வேண்டும். இருவரில் பதவியில் பெரியவர் அவர்தான். கூடவே, இந்தப் பூஜையில் அவருக்கு நம்பிக்கையும் கிடையாது. ஓர் அதட்டல் போட்டிருந்தால் போதும். அவர் ஃபோர்மேனைப் பார்த்தார், அந்த மனிதர் தோள் துண்டை இறுகப் பிடித்திருப்பதைப் பார்த்தார். குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"சரிண்ணா, அதத் தொட வேணாம். எது ஆயுதம் இல்லன்னு நீங்களே சொல்லுங்க. அத எடுத்துக்கினு போறோம்."

இதை எழுதும்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. வேலை போகப்போகிற நேரத்தில் ஒருவர் அடுத்தவர் பயத்துக்கு மரியாதை கொடுக்கிறார். நான் ஆயுசுக்கும் அப்படி ஒரு கேள்வியைக் கேட்டிருக்க மாட்டேன். ஃபோர்மேனும் அதை எதிர்பார்க்கவில்லை. குறுக்கே நின்றவர் சட்டென்று தேடுகிறவர் ஆனார். மேடை முழுக்கக் கண்ணை ஓட்டினார். ஆரத்தித் தட்டில் அவர் பார்வை நின்றது. ஆட்கள் போட்ட சில்லறை அதில் கிடந்தது. தட்டையே தூக்கிக்கொண்டார்.

"காசு ஆயுதம் இல்ல. வாம்மா."

அதுவரை ஃபோர்மேன் அந்தப் பெண்ணை மேடம் என்றுதான் கூப்பிட்டு நான் கேட்டிருக்கிறேன்.

மூவரும் ஓடினோம். முதல் காசு தடிமன், திருகின் பள்ளத்தில் நுழையவில்லை. இரண்டாவதும் அப்படியே. ஃபோர்மேன் தட்டைக் கிளறி, தேய்ந்து மெலிந்த ஒரு காசைப் பொறுக்கிக் கண்ணில் ஒற்றி அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். அது கச்சிதமாக உட்கார்ந்தது. அவர் இரண்டு கைக் கட்டைவிரலாலும் அழுத்தித் திருப்ப, முதல் திருகு கிரீச்சிட்டு இளகியது. மற்றவை அதன் பின்னாலேயே வந்தன. நான் விசிறித் தட்டை உருவினேன். ஊளைச் சத்தம் நின்றது. அறையில் விழுந்த அந்த அமைதியைப் போல ஒரு பயங்கரத்தை நான் கேட்டதில்லை.

தட்டைத் தரையில் வைத்து மூவரும் குந்தினோம். கலர் பேப்பர் விசிறிகளின் கழுத்தில் இறுகிப் போயிருந்தது. குறடு கிடையாது, கத்தி கிடையாது. ஃபோர்மேன் ஆரத்தித் தட்டிலிருந்து ஊதுவத்திக் குச்சிகளை எடுத்து நீட்டினார். குச்சியால் நெம்பி, விரலால் இழுத்து, வாயால் ஊதி, இதழ் இதழாக எடுத்தோம். அந்தப் பெண் ஒரு பொரியை நகக்கண்ணால் கிள்ளி எடுத்தபோது அந்த ஒடிந்த நகத்திலிருந்து ரத்தம் வந்தது. அவர் அதைக் கவனிக்கவேயில்லை. ஃபோர்மேனின் உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. எந்தச் சாமியோ தெரியாது. அந்தப் பெண்ணின் உதடும் அசைந்தது. நான் ஒருவன்தான் சாமியை விட்டுவிட்டு, பெட்டியிடமே நேரடியாகக் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

கடைசி விசிறியை விரலால் சுண்டினேன், சுற்றியது. தட்டைச் செருகினோம். ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு எல்லா விசிறிகளும் ஒரே மூச்சில் கத்திக்கொண்டு எழுந்தன. சூடு ஏறுவது நின்றது, கொஞ்ச நேரத்தில் இறங்க ஆரம்பித்தது. கத்தல் மெல்லத் தணிந்து, வழக்கமான இரைச்சலுக்கு வந்தது. அந்தப் பெண் உலைக் கண்காணிப்பு அறைக்குப் போன் போட்டார். திரைக்கு என்ன, நன்றாகத்தான் ஓடுகிறது, ஏன் கேட்கிறீர்கள் என்றார்கள். அவர் போனை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. ஃபோர்மேன் மட்டும் எங்களைப் பார்க்காமல், தரையில் கிடந்த சாமந்தி இதழ்களைப் பொறுக்கி ஆரத்தித் தட்டில் போட்டுக்கொண்டிருந்தார்.

விஜயதசமி காலையில் சுத்தியல் விழுந்தது, டீ தம்ளர் நகர்ந்தது, லைன் ஓடியது. மேலாளரிடம் அவர் ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னார். மறைத்தாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. மேலாளர், இனி அந்த அறையில் பூஜையே வேண்டாமென்று உத்தரவு போட்டுவிடலாமா என்று கேட்டார். இந்தப் பேஜாரு எதற்கு என்பது அவர் எண்ணம். வேண்டாம் சார், மாலையை எங்கே போடுவது என்று நான் சொல்லிக்கொடுக்கிறேன் என்றார் அந்தப் பெண். அன்று சாயங்காலமே ஆட்களைக் கூட்டி, பெட்டி எந்தப் பக்கம் மூச்சு இழுக்கும், எந்தப் பக்கம் விடும் என்று ஒரு காகிதத் துண்டைப் பிடித்துக் காட்டினார். துளைக்கு நேராகப் பிடித்ததும் காகிதம் போய் ஒட்டிக்கொண்டது. தோரணம் கட்டினவர்கள் நாக்கைக் கடித்துக்கொண்டார்கள்.

அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்கு எனக்கு அழைப்பு வந்தது. வேலை ஒன்றும் இல்லை, வெறும் அழைப்புதான். மாலை ஸ்விட்ச் அறையின் கதவுப் பிடியில் தொங்கியது, பொரி வாசலுக்கு வெளியே இருந்தது. பெட்டியின் நெற்றியில் மட்டும் ஒரு சின்னச் சந்தனப் பொட்டு. உள்ளே விசிறிகள் தம் பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தன. அந்த ஒரு வருஷமும் உலை ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஆரத்தித் தட்டு வந்தபோது சட்டைப் பையைத் துழாவி, மெல்லிய காசாகப் பார்த்துப் போட்டேன். எதற்கும் இருக்கட்டும்.

ஃபோர்மேன் சந்தனக் கிண்ணத்தோடு ஒவ்வொரு ஆயுதமாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தார். கற்பூரம் காட்டுவதற்கு முன்னால் நின்று, கூட்டத்தின் ஓரத்தில் இருந்த அந்தப் பெண்ணிடம் கையை நீட்டினார். ஸ்விட்ச் அறைச் சாவியைக் கேட்டார். அது அவர் கழுத்தில் சிலுவைக்குப் பக்கத்தில் தொங்கியது.

"பொட்டு வச்சிட்டா நாளைக்குக் காலைல வரைக்கும் நான் அதத் தொடக் கூடாதேண்ணா. ரூம எப்படித் தொறக்கறது?"

"இன்னாத்துக்குத் தொறக்கணும்? அதான் ஓடிக்கினு கீதேம்மா."

செக்யூரிட்டியிடம் மாற்றுச் சாவி ஒன்று இருப்பது எங்கள் மூவருக்கும் தெரியும். அதைப் பற்றி யாரும் பேசவில்லை. அவர் அட்டையைக் கழற்றி, சாவியைத் தனியாக உருவி, இரண்டு கையாலும் ஃபோர்மேனிடம் கொடுத்தார்.